கால் நொடி

இலவசம் என்பதால் போனோம்.
வேறு காரணம் இருந்ததாக நினைவில்லை.
ஹாமில்டன் நூலகத்தின் கீழ்த்தளத்தில் பெயரைப் பதிந்து
ஆளுக்கொரு டோனட் எடுத்துக்கொண்டு
மேட்டுச் சரிவில் இருக்கும் அருவிக்கு
அவரவர் காரில் வரச் சொன்னார்கள்.
காரை நிறுத்த இடம் தேடியதில்
பதினெட்டு நிமிடம் போயிற்று.
அதற்குள் முக்காலிகள் முடிந்துவிட்டன.

சொல்லிக்கொடுத்த டெனிஸ் முன்பு பஸ் ஓட்டியவள்.
கமராப் பையின் கிழிசலில் வெள்ளி நாடா ஒட்டியிருந்தாள்.
"கதவைக் கால் நொடி திறந்து வையுங்கள்.
தண்ணீர் மட்டும் ஓட வேண்டும்,
மற்றதெல்லாம் நிற்க வேண்டும்" என்றாள்,
அடுத்த தரிப்பை அறிவிக்கும் குரலில்.

"முக்காலி கிடைக்கேல்ல, காலாவது கிடைச்சுதே"
என்று வதனி என் காதுக்குள் சொன்னாள்.
மோலில், சாவி வெட்டும் கடைக்கு எதிரே,
பதினோரு வருடமாகப் பல்லில் நூல் கடித்து
ஊரார் புருவங்களைத் திருத்துகிறவள்.
அவளுக்குக் கால் நொடி என்பது
ஒரு மயிரின் நேரம்.

எல்லோர் திரையிலும் தண்ணீர் பட்டாகியது.
தொப்பிக்காரப் பையனுடையதில் புகை.
வதனியின் படத்தில் பாறைகளும் ஓடின.
மேப்பிள் மரம், இரும்புக் கைப்பிடி,
"ஆபத்து, தாண்டாதே" என்ற பலகை,
எல்லாம் ஒரே பக்கமாக வழிந்தன.
இரண்டாவது படத்திலும்.
ஏழாவதிலும்.

"வேண்டுமென்றே எடுத்ததா? அழகாக இருக்கிறதே!"
டெனிஸ் கேட்டாள்.
"ஓம்" என்றாள் வதனி, தமிழிலேயே.
பிறகு கமராவை என்னிடம் தந்துவிட்டுக்
கையுறை போட்டாள்,
வலக்கைக்கு முதலில்.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

போன மாதம் என் இடது புருவம்
நூலளவு மெலிந்துபோனது.
காசு வாங்க மாட்டேன் என்று நின்றாள்.
"நான்தான் அசைஞ்சிட்டன்" என்றேன்.
அசையவில்லை.
இமையை நானே இழுத்துப் பிடித்துக்கொண்டு
அந்த நாற்காலியில் ஒருநாளும்
நான் அசைந்ததில்லை.

மற்றவர்கள் படியிறங்கி
அடிவாரத்துக்குப் போய்விட்டார்கள்.
"இஞ்ச வா. தோளைத் தா."
என்னை அருவிக்கு முதுகு காட்டி நிறுத்திக்
கமராவைத் தோளில் வைத்தாள்.
கோட்டின் பஞ்சுக்கு மேல் சின்னப் பாரம்.
பாரத்துக்குள் ஒரு துடிப்பு,
இரவில் குளிர்சாதனப் பெட்டி இரையத் தொடங்கும்போது
சமையலறைத் தரைக்குத் தெரிவதைப் போல.

இத்தனை கிட்டத்தில் அவள் முகத்தைத்
தலைகீழாகத்தான் பார்த்திருக்கிறேன்,
வாயில் நூலோடு, பேச முடியாதவளாக.
இன்று நேராக.
ஒரு கண் மூடி, மூக்கு நுனி சிவந்து,
இல்லாத நூலை இன்னும் கடித்துக்கொண்டு.

"மூச்சைப் பிடி."
பிடித்தேன்.
எத்தனை மாதமாக,
டொக்டரிடம் காட்டினாயா,
கடை முதலாளிக்குத் தெரியுமா,
எல்லாவற்றையும் மூச்சோடு சேர்த்துப் பிடித்தேன்.
பின்னால், நான் பார்க்காத அருவி
தன்பாட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.
கதவு திறந்தது.
மூடியது.

திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.
"நீ அசைஞ்சிட்டாய்."
"ஓம். அசைஞ்சிட்டன்."

காரின் முன்கண்ணாடியில் மஞ்சள் துண்டு செருகியிருந்தது.
நாற்பத்தைந்து டொலர்.
"இலவசமாம்!" என்றாள் வதனி.
கதவைத் திறக்கவும் முடியாமல்
அந்தக் குளிரில் நின்று சிரித்தோம்.
பிறகு அவள் கொஞ்சம் அழுதாள்.
டோனட் சுற்றிய தாள்தான் இருந்தது, கொடுத்தேன்.
கன்னத்தில் சீனி ஒட்டியது.

இரவு படத்தை அனுப்பியிருந்தாள்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
பாறை நிற்கிறது, ஏறக்குறைய.
ஓரத்தில், மங்கலாக, என் காது.

வியாழன் நாலரைக்கு
புருவம் திருத்த வருகிறேன் என்று
பதில் போட்டேன்.